மழுங்கின ரம்பம்: கூர் போட ஆள் தேடின கதை

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் இரண்டு முறை வந்ததை மட்டும் வெட்டி, வாசிக்க வசதியாக ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட்ல கோட் கிடையாது, ஏஐ கிடையாது. ரம்பத்தைப் பத்திப் பேசப்போறோம். ஆமா, மரம் அறுக்கிற ரம்பம்தான்.

போன மழைக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, காரைக்கால்ல எங்க மாமாவோட பட்டறைக்குப் போயிருந்தேன். மாமான்னா அம்மாவோட தம்பி. கதவு, ஜன்னல், நிலை எல்லாம் செய்றவர். டேபிள் சால ஒரு பலகையை நீளவாக்குல கிழிச்சுக்கிட்டிருந்தார். பாதி தூரம் போனதும் மெஷின் முனகுற மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி பலகை திரும்பி வந்து அவர் இடுப்புல அடிச்சுது. அவர் கொஞ்சம் சைடுல நின்னதால வயித்துல படல. "ஒண்ணுமில்லடா"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டார். ஆனா பத்து நிமிஷம் எந்திரிக்கல.

அந்தப் பலகையை எடுத்துப் பாத்தேன். வெட்டின ஓரம் முழுக்கக் கருகியிருந்துச்சு. தீயில காட்டின மாதிரி.

"பிளேடு மழுங்கிப்போச்சு தம்பி. முன்னாடி கூர் போட்டுக் கொடுத்தவர் இப்ப இல்ல. நீதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல தேடிக் கண்டுபிடிப்பியே, இதுக்கு ஒரு ஆளக் கண்டுபிடிச்சுக் குடு"ன்னார்.

பத்து நிமிஷ வேலைன்னு நினைச்சேன். மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரத்துல கத்துக்கிட்டதுதான் இந்த எபிசோட்.

முதல்ல, கூர்னா என்ன?

ஒரு சின்னக் கணக்கு. மாமா வச்சிருக்கிறது பத்து இஞ்ச் பிளேடு, அதாவது 254 மில்லிமீட்டர் விட்டம். ஒரு தடவை சுத்தினா அதோட விளிம்பு கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் ஓடும். மோட்டார் நிமிஷத்துக்கு 4,500 சுத்து சுத்துதுன்னு வைங்க. அப்ப பல்லோட வேகம் மணிக்கு 215 கிலோமீட்டர்.

பிளேடுல 40 பல். 40-ஐ 4,500-ஆல பெருக்கினா நிமிஷத்துக்கு 1,80,000 கடி. நொடிக்கு 3,000. மாமா பலகையை நிமிஷத்துக்கு 5 மீட்டர் வேகத்துல தள்ளுறார்னு வச்சா, ஒவ்வொரு பல்லும் ஒரு கடியில எடுக்கிற மரம் 0.028 மில்லிமீட்டர். நம்ம தலைமுடியோட தடிமன்ல பாதிகூட இல்ல.

விஷயமே இங்கதான் இருக்கு. பல்லோட முனை கூரா இருந்தா அந்த மெல்லிசான சீவலை வெட்டி எடுக்கும். முனை உருண்டு, அந்த உருண்டையோட அளவும் 0.028 மில்லிமீட்டரை நெருங்கிட்டா, பல்லால மரத்துக்குள்ள இறங்க முடியாது. மேல தேய்ச்சுக்கிட்டுப் போகும். தேய்ச்சா சூடு. சூடு வந்தா மரம் கருகும், பிளேடு விரியும், நாம இன்னும் அழுத்தித் தள்ளுவோம்.

அழுத்தித் தள்றதுலதான் ஆபத்தே. டேபிள் சா பிளேடோட முன்பக்கப் பல் மரத்தைக் கீழ அழுத்தும். பின்பக்கப் பல் மேல எழும்பி நம்மளைப் பாத்து வரும். பலகை கொஞ்சம் கோணி அந்தப் பின்பக்கப் பல்லுல மாட்டினா, மணிக்கு 215 கிலோமீட்டர்ல ஓடுற விளிம்பு அதைத் தூக்கி நம்ம மேல எறியும். இதைத்தான் கிக்பேக்னு சொல்றாங்க.

எல்லாப் பழியையும் பிளேடு மேல போடக் கூடாது. பிளேடுக்குப் பின்னாடி, வெட்டின தடம் மூடிக்காம இருக்க ஒரு தகடு நிக்கும். வேலைக்குத் தொந்தரவா இருக்குன்னு மாமா அதை எப்பவோ கழட்டி வச்சிருந்தார். சாஃப்ட்வேர்ல ஒரு பெரிய பிரச்சினையை நோண்டிப் பாத்தா ரெண்டு மூணு சின்னத் தப்பு ஒண்ணா சேந்திருக்கும்ல, இதுவும் அந்த மாதிரிதான். அந்தத் தகட்டை அன்னிக்கே மாட்டியாச்சு. மிச்சம் பிளேடு.

ஏன் இவ்ளோ சீக்கிரம் மழுங்குது?

மரத்தைப் பொறுத்தது. தேக்கு அறுக்க சுகமா இருக்கும், ஆனா அதுக்குள்ள சிலிக்கா இருக்கு, அதாவது மணல்ல இருக்கிற அதே பொருள். ஒவ்வொரு பலகையும் பல்லைக் கொஞ்சம் தின்னும். தென்னை, பனை வெளிப்பக்கம் நார் இறுகி இன்னும் மோசம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தப்ப டெல்டா முழுக்க தென்னைகள் விழுந்து கிடந்தது ஞாபகம் இருக்கும். அந்த மரங்களை வெட்டினவங்க எல்லாருக்கும் இந்தப் பாடம் தெரியும். அதுலயும் செயின் சா ஒரு தடவை மண்ணைத் தொட்டாப் போதும், கூர் போயிரும்.

நரசிங்கம்பேட்டையில நாகஸ்வரம் செய்ய ஆச்சா மரத்தை எடுக்கிறாங்க. 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சுதே, அதே நாகஸ்வரம்தான். பழைய வீடுகள்ல இருந்து வந்த, காய்ஞ்சு இறுகின மரமா தேடி எடுப்பாங்க. மரம் எவ்ளோ இறுக்கமோ, நாதத்துக்கு அவ்ளோ நல்லது, கருவியோட கூருக்கு அவ்ளோ கஷ்டம்.

நம்ம காலத்துல இன்னொண்ணும் சேந்துருச்சு. பிளைவுட், எம்.டி.எஃப்., லேமினேட். அதுல மரத்தோட இறுகின பசையும் இருக்கு, பல்லைத் தேய்க்கிறதே அந்தப் பசைதான். பழைய வீட்டு நிலைக்கதவை மறுபடி அறுக்கும்போது உள்ள ஒளிஞ்சிருக்கிற ஆணி வேற.

காரைக்காலுக்குன்னே ஒண்ணு இருக்கு: கடல் காத்து. பிளேடைத் துடைக்காம தொங்கவிட்டா ஒரு வாரத்துல செம்புள்ளி விழும். துரு மொதல்ல தின்றது கூரான, மெல்லிசான முனையைத்தான்.

செலவு பண்றதுக்கு முன்னாடி: கழுவிப் பாருங்க

இதை எனக்கு யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம். மழுங்கின மாதிரி இருக்கிற பிளேடு சில நேரம் வெறும் அழுக்குப் பிளேடு. மரத்துப் பிசினும் பசையும் பல்லைச் சுத்தி ஒட்டிக் கருகி, ஒரு பழுப்பு மேலோடு மாதிரி ஆயிரும். வெட்டும்போது அந்த மேலோடுதான் உரசிச் சூடாகும்.

மெஷினோட பிளக்கைப் பிடுங்குங்க. சுவிட்சை ஆஃப் பண்ணா போதாது, பிளக்கைப் பிடுங்கணும். பிளேடைக் கழட்டி, வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்சம் சலவை சோடா போட்டு ஒரு பதினஞ்சு நிமிஷம் ஊற வைங்க. பழைய டூத் பிரஷ்ஷால தேய்ங்க. கழுவி உடனே துடைச்சு, மெல்லிசா மெஷின் ஆயில் தடவுங்க. நம்ம ஊர்ல இந்தக் கடைசி ஸ்டெப்பை விட்டா கழுவினதே வீண்.

அப்புறமும் வெட்டலைன்னா பல்லை வெளிச்சத்துல காட்டுங்க. கூரான முனையில வெளிச்சம் நிக்காது. மழுங்கின முனையில ஒரு வெள்ளைக் கோடு மின்னும். இன்னொரு அடையாளம் தூள். கூரான பிளேடு சின்னச் சின்னச் சீவலாக் கொட்டும், மழுங்கினது மாவாக் கொட்டும். கருகல் வாசனையும் முனகல் சத்தமும் வந்தா சந்தேகமே வேண்டாம்.

மாமாவோட பிளேடைக் கழுவினோம். கொஞ்சம் தேறுச்சு. ஆனா வெள்ளைக் கோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஆக, உண்மையிலேயே மழுங்கல்தான்.

உங்க கையில இருக்கிறது எந்த ரம்பம்?

ஆள் தேடுறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கணும். மூணு வகைக்கும் மூணு வேற வழி.

முதல் வகை, பழைய கைரம்பம். தாத்தா காலத்துது. பல்லும் தகடும் ஒரே எஃகு. முப்பட்டை அரத்தால அராவிக் கூர் போடலாம். ஒழுங்கா வச்சுக்கிட்டா ரெண்டு தலைமுறைக்கு வரும்.

ரெண்டாவது வகை, இப்ப ஹார்ட்வேர் கடையில தொங்குற கைரம்பம். பிளாஸ்டிக் பிடி, பல் முனை மட்டும் கருநீலமா இருக்கும். அந்த முனையை மின்சாரத்தால நொடியில சூடாக்கிக் கடினப்படுத்தியிருப்பாங்க. அரத்தை விடக் கடினம், அராவினா அரம்தான் வழுக்கும். இதுக்குக் கூர் போட ஆள் தேடாதீங்க. ரொம்ப நாள் உழைக்கும், மழுங்கினா மாத்திர வேண்டியதுதான். வாங்கும்போதே தெரிஞ்சு வாங்கணும்.

மூணாவது, டி.சி.டி. பிளேடு. டேபிள் சா, சர்குலர் சால மாட்டுற வட்டப் பிளேடு. தகடு சாதா எஃகு, ஒவ்வொரு பல் நுனியிலயும் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒண்ணைப் பத்தவச்சு ஒட்டியிருப்பாங்க. டங்ஸ்டன் கார்பைடு துகள்களைக் கோபால்ட் பிடிச்சு வச்சிருக்கும். அரம் இதைத் தொடவே தொடாது. சாதாரண சாணைக்கல்லும் சரிப்படாது. இதை ஒழுங்கா தீட்ட வைரத்தூள் பதிச்ச சக்கரம் வேணும்.

மாமாவோடது மூணாவது வகை. இது தெரியாமத்தான் முதல் வாரத்தை வீணாக்கினேன்.

மூணு கதவைத் தட்டினேன்

முதல் கதவு, சைக்கிள்ல வர்ற சாணைக்காரர். கத்தி, கத்திரிக்கோல், அரிவாள்மணை எல்லாம் அருமையாப் பிடிப்பார். பிளேடைக் காட்டினதும் சிரிச்சார். "தம்பி, இது என் கல்லுக்கு அடங்காது. நான் கை வச்சா கெட்டுரும்"னு திருப்பிக் கொடுத்துட்டார். தன்னால முடியாததை முடியாதுன்னு சொன்ன அந்த நேர்மை எவ்ளோ பெரிசுன்னு அடுத்த கதவுலதான் புரிஞ்சுது.

ரெண்டாவது கதவு, ஒரு வெல்டிங், கிரைண்டிங் பட்டறை. பேர் வேண்டாம். "அதெல்லாம் பண்ணிரலாம்"னு சாதாக் கல்லுல கையால பிடிச்சே தீட்டிக் கொடுத்தாங்க. பாக்கப் பளபளன்னு இருந்துச்சு. மாட்டி ஓட்டினா முன்னை விட மோசம். ஏன்னு அப்புறம் அளந்து பாத்தேன். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு உயரம். நாப்பது பல்லுல ரெண்டு மூணு பல் மட்டும் உயரமா நின்னா, வெட்டுற வேலை முழுக்க அதுங்க தலையிலதான் விழும். மத்ததெல்லாம் சும்மா சுத்தும். நாப்பது பல் பிளேடை மூணு பல் பிளேடா மாத்திக் கொடுத்துட்டாங்க. அந்தப் பிளேடு இப்ப பட்டறைச் சுவத்துல கடிகாரமாத் தொங்குது.

மூணாவது கதவு, மர அறுவை மில். அங்க பேண்ட் சா ஓடும், அதுக்குக் கூர் போட மில்லுக்குள்ளயே ஆளும் மெஷினும் இருக்கும். பெரிய மரம் அறுக்கிற அந்த நீளப் பட்டையை ஒரே நாள்லயே கழட்டிக் கழட்டிக் கூர் போடுவாங்க. ஆனா அது எஃகுப் பல்லுக்கான கல், கார்பைடுக்கு ஆகாது. அங்க இருந்தவர்தான் உருப்படியா ஒரு வார்த்தை சொன்னார்: "கிச்சன் பண்றவங்களைக் கேளு."

அதுதான் திருப்பம். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் பண்ற யூனிட்ல பேனல் சா இருக்கும். நாள் முழுக்க லேமினேட் போர்டு வெட்டுவாங்க. லேசா மழுங்கினாக்கூட போர்டு ஓரம் பேந்துரும், கஸ்டமர் திட்டுவார். அதனால அவங்க எங்கயோ தொடர்ந்து கூர் போட அனுப்பிக்கிட்டேதான் இருக்கணும். அப்படி ஒருத்தர்கிட்ட கேட்டேன். "நாங்க திருச்சிக்கு அனுப்புறோம்"னார்.

யோசிச்சா நியாயம்தான். பெல் தொழிற்சாலையைச் சுத்தி வளர்ந்த பட்டறைகள் அங்க நிறைய. இரும்பு வெட்டுற கட்டர், டிரில், எண்ட் மில் இதையெல்லாம் திரும்பத் தீட்டிக் கொடுக்கிற தொழில் அந்த மாதிரி ஊர்லதான் வேர் விடும். நான் நெட்ல "ரம்பம் சாணை"ன்னு தேடிக்கிட்டிருந்தேன். தேட வேண்டிய வார்த்தை "டூல் அண்ட் கட்டர் கிரைண்டிங்", "டி.சி.டி. பிளேடு ரீ-ஷார்ப்பனிங்". வார்த்தை மாறினதும் வழி திறந்துச்சு. கோயம்புத்தூர், சென்னை பக்கம் இருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபமாக் கிடைக்கும்.

போன்ல கேக்க வேண்டிய கேள்விகள்

ரெண்டாவது கதவுல பட்ட அடியில இருந்து ஒரு பட்டியல் போட்டேன். எழுதி வச்சுக்குங்க.

ஒண்ணு: "வைரச் சக்கரமா?" ஆமான்னு உடனே பதில் வரணும். இழுத்தா போனை வச்சிருங்க.

ரெண்டு: "கையில பிடிச்சா, மெஷின்லயா?" ஒவ்வொரு பல்லையும் ஒரே உயரத்துக்கு, ஒரே கோணத்துக்கு நிறுத்தி மெஷின் தீட்டணும். கையால அது நடக்காது.

மூணு: "பல்லோட பழைய கோணத்தை அப்படியே வைப்பீங்களா?" நீளவாக்குல கிழிக்கிற பிளேடுல பல் கம்மி, 24 மாதிரி, முனை தட்டையா இருக்கும். பொது வேலைக்கு 40 பல், ஒண்ணு இடம் ஒண்ணு வலம்னு மாறி மாறிச் சாஞ்சிருக்கும். லேமினேட் பிளேடுல ஒரு பல் தட்டை, அடுத்தது ரெண்டு ஓரமும் சீவினதுன்னு வரும். இதெல்லாத்தையும் ஒரே மாதிரி தீட்டினா பிளேடோட குணமே போயிரும்.

நாலு: "உடைஞ்ச பல் இருந்தா புது டிப் வச்சுத் தருவீங்களா?" நல்ல இடத்துல வெள்ளி கலந்த பத்தால புதுத் துண்டு ஒட்டித் தருவாங்க.

அஞ்சு: "தகடு நேரா இருக்கான்னு பாப்பீங்களா?" சூட்டுல தகடு லேசா வளைஞ்சிருக்கலாம். தகட்டுல விரிசல் இருந்தா அதைத் தூக்கிப் போடச் சொல்ற கடைதான் நல்ல கடை.

ஆறு: "பல்லுக்கு எவ்ளோ?" பல் எண்ணிக்கையை வச்சுதான் பொதுவா விலை சொல்லுவாங்க. உதாரணத்துக்கு, பல்லுக்கு 5 ரூபாய்னா 40 பல்லுக்கு 200. அதோட போக வர அனுப்புற செலவு. புதுப் பிளேடு 1,500 ரூபாய்னா கண்ணை மூடிட்டு அனுப்பலாம். புதுசே 400 ரூபாய்க்குக் கிடைக்கிற மலிவு பிளேடுன்னா அனுப்புறதுல அர்த்தமில்ல. மலிவு பிளேடுல கார்பைடு துண்டும் மெல்லிசா இருக்கும், ரெண்டு தடவை தீட்டினா தீந்துரும். நல்ல பிளேடுல துண்டு தடிமனா இருக்கும், பல தடவை தாங்கும். அதனால வாங்கும்போதே பல்லைச் சைடுல பாத்து வாங்குங்க.

அனுப்புறது

எங்க ஊரோட விசேஷம் உங்களுக்குத் தெரியும். தெக்க வாஞ்சூர் தாண்டினா நாகூர், தமிழ்நாடு. நாங்க புதுச்சேரி. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க ஆட்சி. சுத்தி எந்தப் பக்கம் போனாலும் தமிழ்நாடு இல்லேன்னா கடல். பட்டறைக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தா, திருச்சிக் கடை போடுற பில்லுல ஐ.ஜி.எஸ்.டி.ன்னு வரும், பயப்பட வேண்டாம்.

முதல் தடவை நானே கொண்டுபோனேன். காரைக்கால்ல இருந்து நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் வழியா திருச்சிக்கு ரயில் இருக்கு. மடியில பிளேடு, ஜன்னல் ஓரம் வயல். அடுத்த தடவையில இருந்து பார்சல்தான்.

பேக்கிங்குக்கு மாமாவோட ஐடியா: பழைய சைக்கிள் டியூபை நீளமாக் கிழிச்சு பல்லைச் சுத்திப் போட்டுரலாம். ரெண்டு பக்கமும் அட்டை வச்சுக் கட்டலாம். தகட்டு மேல மார்க்கர்ல பேர், போன் நம்பர், பல் எண்ணிக்கை எழுதி ஒரு போட்டோ எடுத்துக்குங்க. நாலு பிளேடு சேந்ததும் ஒண்ணா அனுப்பினா பார்சல் செலவு குறையும். கைவசம் எப்பவும் ஒரு பிளேடு கூடுதலா இருக்கணும். இருக்கிற ஒரே பிளேடை அனுப்பிட்டு உக்காந்திருந்தா வேலை நின்னுரும், அவசரத்துல மழுங்கினதையே மறுபடி மாட்டத் தோணும்.

ஒரு எச்சரிக்கை

இதைச் சொல்லாம முடிச்சா தப்பு. கூர் போட வழியில்லாதப்ப நிறைய பேர் பண்ற வேலை, ஆங்கிள் கிரைண்டர்ல மரம் வெட்டுற பல் பிளேடை மாட்டுறது. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து போகும். அது கல் சக்கரத்துக்காகச் செஞ்ச மெஷின். பல் மரத்துல மாட்டினா மெஷினே கையை விட்டுத் துள்ளும். கார்டைக் கழட்டிட்டு ஏழு இஞ்ச் பிளேடு மாட்டுறவங்களையும் பாத்திருக்கேன். கணக்குப் போட்டா அந்த விளிம்போட வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர். ஒவ்வொரு பிளேடு மேலயும் அதிகபட்ச சுத்து எவ்ளோன்னு அச்சடிச்சிருக்கும். மெஷினோட நம்பர் அதை விடக் குறைவா இருக்கணும். இந்த ஒரு வரி மட்டும் ஞாபகம் இருந்தாக்கூட எபிசோட் பிரயோஜனம்.

கார்பைடை வீட்டுல தீட்டிப் பாக்க ஆசைப்படுறவங்களுக்கும் ஒண்ணு. அந்தத் தூள்ல கோபால்ட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது. கடையில தண்ணி ஊத்தித் தீட்டுறது அதுக்கும் சேத்துதான்.

முன்னாடி கூர் போட்டவர்

மாமா சொன்ன அந்த "இப்ப இல்லாதவர்" யாருன்னு கேட்டேன். செத்துட்டார்னுதான் நினைச்சிருந்தேன். உசிரோட இருக்கார். கண்ணு சரியில்லாம வேலையை விட்டுட்டார். பட்டினச்சேரி பக்கம் வீடு.

போய்ப் பாத்தேன். மரப்படகு கட்டின ஆசாரி அவர். 2004 சுனாமிக்கு அப்புறம் கரை முழுக்க ஃபைபர் படகு ஆயிருச்சு, பலகை அறுக்கிற வேலை குறைஞ்சுபோச்சு. அப்புறம் ஊர்ல இருக்கிற தச்சருக்கெல்லாம் கைரம்பத்துக்கு அரம் போட்டுக் கொடுத்துக்கிட்டிருந்தார்.

எங்க தாத்தாவோட கைரம்பத்தைக் கொண்டுபோயிருந்தேன். கையில வாங்கி, பல் வரிசையை விரலால தடவிட்டு, "இதுக்கு நான் போட்டிருக்கேன்"னார்.

"சொல்லிக் குடுங்க தாத்தா"ன்னேன். "கண்ணு தெரியாதேப்பா." "நான் பண்றேன், நீங்க சொல்லுங்க."

ரெண்டு மரக்கட்டைக்கு நடுவுல ரம்பத்தை இறுக்கி நிறுத்தச் சொன்னார். பல் மட்டும் மேல தெரியணும். முதல்ல தட்டை அரத்தை எல்லாப் பல் தலை மேலயும் நீளவாக்குல லேசா ஓட்டணும். ஒவ்வொரு தலையிலயும் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு விழும்போது எல்லாம் ஒரே உயரம்னு அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ரெண்டாவது கதவுல தப்பிப்போனது இந்த முதல் ஸ்டெப்தான்.

அப்புறம் பல்லை ஒண்ணு விட்டு ஒண்ணு இடமும் வலமுமா லேசாச் சாய்க்கணும். வெட்டுற தடம் தகட்டை விடக் கொஞ்சம் அகலமா இருந்தாத்தான் ரம்பம் மாட்டாது. பச்சை மரத்துக்குச் சாய்ப்பு அதிகம், காஞ்ச மரத்துக்குக் கம்மி. அதுக்கப்புறம் முப்பட்டை அரம். நீளவாக்குல கிழிக்கிற ரம்பம்னா அரம் தகட்டுக்கு நேர்குறுக்க போகணும், ஒவ்வொரு பல்லும் குட்டி உளி. குறுக்க அறுக்கிற ரம்பம்னா அரத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் போடணும், ஒவ்வொரு பல்லும் குட்டிக் கத்தி. தள்ளும்போது மட்டும் அழுத்தம். திரும்பும்போது தூக்கிரணும். ஒரு பக்கத்துல இருந்து ஒண்ணு விட்டு ஒரு பல், அப்புறம் ரம்பத்தைத் திருப்பி மிச்சம்.

நான் அராவ ஆரம்பிச்சதும் அவர் கண்ணை மூடிக்கிட்டார். மூணாவது பல்லுல "நிறுத்து"ன்னார். "பொட்டு போயிருச்சா பாரு." பாத்தேன். போயிருந்துச்சு. நாலாவது பல்லுலயும் சரியா அதே இடத்துல நிறுத்தச் சொன்னார். சத்தம் மாறுதாம். மழுங்கின பல்லுல அரம் கிறீச்சிடும், கூர் வந்ததும் சத்தம் இறங்கும். அன்னிக்குச் சாயங்காலம் முழுக்க கண்ணு நான், காது அவர்.

முடிச்சப்ப அவர் மறுபடி விரலால வரிசையைத் தடவினார். "ஏழு பல் சரியில்ல. பரவால்ல, வெட்டும்"னார். வெட்டுச்சு. ஒரு வேப்பங்கட்டையை வீட்டு வாசல்லயே அறுத்துப் பாத்தோம். தூள் மாவா இல்லாம சீவலா விழுந்துச்சு.

மாமாவோட பிளேடு எட்டு நாள்ல திருச்சியில இருந்து வந்துச்சு. கருகல் போச்சு, முனகல் போச்சு. கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி கதவைக் கொண்டுபோய் மாட்டிட்டார். அந்தப் பின்பக்கத் தகட்டை இதுவரைக்கும் கழட்டல, நான் போறப்பல்லாம் பாத்துக்கறேன்.

டி.சி.டி. பிளேடுக்கு மெஷின் இருக்கிற கடை போதும், அது திருச்சியிலயும் இருக்கு, கோயம்புத்தூர்லயும் இருக்கு. கைரம்பத்துக்கு ஆள் வேணும். உங்க ஊர்ல அரம் போடுறவர் யாராவது இருந்தா, வேலை கொடுங்க. முடிஞ்சா பக்கத்துல உக்காந்து பாருங்க. நான் ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை பட்டினச்சேரி போறேன். போன தடவை சரியில்லாத பல் நாலு.

அடுத்த எபிசோட்ல பாப்போம். வரட்டா.